பனி ஹாக்கிக் குழுவின் சம்பளக் கணக்கு



ஹாக்கி என்றதும் நம் நாட்டுப் பெரியவர்களுக்கு 1975ஆம் ஆண்டு நினைவுக்கு வரும். அவ்வாண்டு உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. அரையிறுதி ஆட்டத்தில் மலேசியா இந்தியாவைச் சந்தித்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்த வேளையில் நாம் 2-1 என்று முன்னணியில் இருந்தோம். அப்பொழுது இந்தியக் குழு, அதுவரை வெளியே உட்கார்ந்திருந்த அஸ்லம் ஷேர் கான் என்பவரைத் திடலுக்குள் அனுப்பியது. அவர் பெனால்டி கார்னரில் கோல் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்தினார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என்று வென்றது. பிறகு கிண்ணத்தையும் வென்றது. நமக்கு நான்காவது இடம். கைக்கு எட்டியிருந்த வெற்றியை அன்று தட்டிவிட்டவர் பெஞ்சில் காத்திருந்த மாற்று ஆட்டக்காரர்.

அதுபோன்ற மாற்று ஆட்டக்காரருக்கு என்ன சம்பளம் கொடுப்பது, முன்வரிசை நட்சத்திரத்துக்கு என்ன கொடுப்பது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள். 1975இல் நம் திடலில் ஆடியவர்கள் சம்பளத்துக்கு ஆடியவர்கள் அல்லர். ஆகவே இந்தக் கேள்வியை அலச நாம் வேறொரு ஹாக்கியைப் பார்க்க வேண்டும். கனடாவிலும் அமெரிக்காவிலும் பனிக்கட்டித் தளத்தின்மீது சறுக்குக் காலணி அணிந்து ஆடும் ஹாக்கி அது. அங்கே பந்து கிடையாது. கெட்டியான ரப்பர் வில்லை ஒன்றைத்தான் கோலால் அடித்து விரட்டுவார்கள்; அதற்குப் 'பக்' என்று பெயர். பால்மரம் வெட்டிப் பிழைத்த குடும்பங்கள், அவ்வளவு பெரிய பணம் ஒரு ரப்பர் வில்லையின் பின்னால் ஓடுகிறது என்பதைக் கேட்டுச் சற்றுச் சிரித்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டத்தை நடத்தும் பெரிய அமைப்பு தேசிய ஹாக்கி லீக். 1917இல் தொடங்கப்பட்ட அதில் இப்போது 32 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் எண்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள். அவற்றில் தேறிய 16 குழுக்கள் அடுத்து வெளியேற்றும் சுற்றுகளில் மோதும். நான்கு சுற்று, சுற்றுக்கு நான்கு வெற்றி. ஆக மொத்தம் 16 வெற்றிகள் பெற்ற குழுவுக்கே ஸ்டான்லி கிண்ணம்.

ஆட்டத்தின் அமைப்பைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் சம்பளக் கணக்கு விளங்கும். ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் மூன்று கொண்டது. கோல் காவலரோடு சேர்த்து ஆறு பேர் ஒரு நேரத்தில் தளத்தில் இருப்பார்கள். ஆனால், ஓர் ஆட்டத்துக்கு உடை அணிந்து தயாராவோர் இருபது பேர். காரணம், முழு வேகத்தில் சறுக்கி ஓடுபவரால் முக்கால் நிமிடத்துக்கு மேல் அதே வேகத்தில் ஓட முடியாது. மூச்சு வாங்கியதும் அவர் பெஞ்சுக்குத் திரும்புவார். அவர் இடத்துக்கு அடுத்தவர் தாவிக் குதிப்பார். இதற்காக ஆட்டத்தை யாரும் நிறுத்துவதில்லை. தாக்குதல் ஆட்டக்காரர்கள் மூன்று மூன்று பேராக நான்கு வரிசை, தற்காப்பு ஆட்டக்காரர்கள் இரண்டிரண்டு பேராக மூன்று ஜோடி, கோல் காவலர் இருவர். காயம் பட்டவர்களுக்கு மாற்றாக இன்னும் மூவரை வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 23 பேர்.

உலகம் புகழும் தாக்குதல் ஆட்டக்காரராகவே இருக்கட்டும், அறுபது நிமிடத்தில் ஏறக்குறைய இருபது நிமிடம்தான் அவர் தளத்தில் இருப்பார். மற்ற நாற்பது நிமிடமும் வேறு வரிசையினர் கையில். கூடைப்பந்தில் ஒரு பெரிய ஆட்டக்காரர் ஏறக்குறைய முழு நேரமும் ஆடி வென்று கொடுக்கலாம். பனி ஹாக்கியில் அதற்கு வழியே இல்லை.

இனிப் பணத்துக்கு வருவோம்.

2004ஆம் ஆண்டு வரை இந்த லீக்கில் எந்தக் குழுவும் எவ்வளவு வேண்டுமானாலும் சம்பளம் கொடுக்கலாம். மொத்தச் சம்பளத்துக்கு ஓர் உச்ச வரம்பு வேண்டும் என்றார்கள் முதலாளிகள். ஆட்டக்காரர் சங்கம் மறுத்தது. பேச்சு முறிந்தது, முதலாளிகள் கதவை அடைத்தார்கள். வேலைநிறுத்தம் என்பது தொழிலாளர் செய்வது, கதவடைப்பு என்பது முதலாளி செய்வது என்பதை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2004-05 பருவம் முழுவதும் ஓர் ஆட்டம்கூட நடக்கவில்லை. அவ்வாண்டு ஸ்டான்லி கிண்ணம் யாருக்கும் கொடுக்கப்படவில்லை. முடிவில் ஆட்டக்காரர் சங்கம் இறங்கி வந்தது. இருந்த ஒப்பந்தங்கள் அனைத்திலும் 24 விழுக்காடு வெட்டப்பட்டது. உச்ச வரம்பும் வந்தது. 2005-06 பருவத்தில் ஒரு குழுவுக்கு 39 மில்லியன் டாலர். ஒரு மில்லியன் என்பது பத்து லட்சம். இருபது ஆண்டு கழித்து 2025-26இல் அதே வரம்பு 95.5 மில்லியன் டாலர்.

இந்த எண்ணை எப்படி முடிவு செய்கிறார்கள்? லீக்கின் வருமானத்தில் இத்தனை விழுக்காடு ஆட்டக்காரர்களுக்கு என்று கூட்டு ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. முதலில் அது 57 விழுக்காடு வரை உயர்ந்தது. 2012-13இல் மீண்டும் ஒரு கதவடைப்பு வந்தது. அதன்பின் பாதிக்குப் பாதி என்று ஆயிற்று. வருமானம் ஏறினால் வரம்பு ஏறும். ஆட்டக்காரர்களின் பங்கு பாதிக்கு மேல் போய்விடாதிருக்க ஒவ்வொருவர் சம்பளத்திலும் ஒரு பகுதியைப் பிடித்து வைத்து, ஆண்டுக் கணக்கு முடிந்த பிறகே மிச்சத்தைத் தருவார்கள். ரப்பர் விலையோடு கூலியும் ஏறி இறங்கிய ஒப்பந்தங்களைக் கண்ட நம் பெரியவர்களுக்கு இது புரியாத ஏற்பாடன்று.

இங்கே ஒன்றை நாம் கவனிக்க வேண்டும். வரம்பு வரை செலவழிக்கிற ஒரு குழு, தன் நட்சத்திரத்துக்கு ஒரு மில்லியன் கூட்டிக் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த மில்லியன் முதலாளியின் பெட்டியிலிருந்து வருவதில்லை. வரம்பு அவருக்கு அரண். உடைமாற்றும் அறையில் நட்சத்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டுகிறாரே, அந்த மூன்றாம் வரிசை ஆட்டக்காரர், அவர் பங்கிலிருந்து வருகிறது. பத்திரிகைகள் இதை 'நட்சத்திரமா, பின்வரிசையா' என்ற வழக்காகவே எழுதுகின்றன. வழக்கை உண்டாக்கியவர் மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருப்பது பலருக்கு மறந்துபோகிறது.

சிகாகோ நகரின் பிளாக்ஹாக்ஸ் குழுவின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். 1961க்குப் பிறகு அக்குழு ஸ்டான்லி கிண்ணத்தைக் கண்டதில்லை. 2010 ஜூன் மாதம் அது மீண்டும் கைக்கு வந்தது. கடைசி ஆட்டத்தில் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்த பேட்ரிக் கேனுக்கு வயது 21. குழுத் தலைவர் ஜோனத்தன் டேவ்ஸுக்கு 22. இருவரும் அப்போது தங்கள் முதல் ஒப்பந்தத்தில் இருந்தார்கள். அந்த லீக்கில் இளைஞர் ஒருவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் முதல் சில ஆண்டுகளுக்கு அடிப்படைச் சம்பளம் ஒரு மில்லியன் டாலரைத் தாண்டக் கூடாது என்பது அப்போதைய விதி. சிகாகோ குழு இரண்டு மாணிக்கங்களைக் குறைந்த விலைக்கு வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் நான்கு வரிசையையும் நிரப்பியிருந்தது. அந்தக் கிண்ணத்துக்கு நட்சத்திரங்களின் திறமை ஒரு காரணம் என்றால், அவர்களின் மலிவு இன்னொரு காரணம்.

மலிவு முடிவுக்கு வந்தது. கேனும் டேவ்ஸும் அடுத்த பருவத்திலிருந்து ஆளுக்கு ஆண்டுக்கு 6.3 மில்லியன் பெறுவதாக 2009 டிசம்பரிலேயே ஒப்பந்தம் ஆகியிருந்தது. கிண்ணத்தோடு ஊர்வலம் போன சில வாரங்களில் குழு கலைந்தது. டஸ்டின் பஃப்ளின், ஆண்ட்ரூ லாட், கிரிஸ் வெர்ஸ்டீக் என்று வரிசையாக மற்றக் குழுக்களுக்கு மாற்றப்பட்டார்கள். கிண்ணம் வென்ற கோல் காவலர் ஆண்டி நியெமிக்கு 2.75 மில்லியன் தர வேண்டும் என்று சம்பள நடுவர் தீர்ப்புச் சொன்னார். அந்தப் பணம் இல்லை என்று குழு அவரை விட்டுவிட்டது. சில வாரங்களுக்கு முன்புதான் சான் ஹோசே குழு, சிகாகோவின் இளம் தற்காப்பு ஆட்டக்காரர் நிக்லஸ் யால்மர்சனுக்கு ஆண்டுக்கு 3.5 மில்லியன் தருவதாக ஆசை காட்டியிருந்தது. அவரை இழக்க மனமில்லாத சிகாகோ அதே தொகையைக் கொடுத்துத் தக்கவைத்தது. நியெமிக்குப் பணம் இல்லாமல் போனதில் அதற்கும் பங்குண்டு. விடுபட்ட நியெமியை யார் எடுத்துக்கொண்டார்கள் தெரியுமா? அதே சான் ஹோசே குழுதான். போட்டிக் குழுவின் கணக்குப் புத்தகத்தைப் படித்துவிட்டு அடிக்கிற அடி இது. தளத்தில் அடிக்கும் கோலுக்கு இது குறைந்ததன்று.

அடுத்த ஆண்டு சிகாகோ முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஆயினும் அடித்தளம் நன்றாக இருந்ததால் புதிய இளைஞர்களை வளர்த்து மீண்டும் எழுந்தது. 2013 ஜூன் 24ஆம் நாள், பாஸ்டன் நகரில் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். முடிய ஒன்றேகால் நிமிடம் இருக்கையில் பாஸ்டன் 2-1 என்று முன்னணியில் நின்றது. டேவ்ஸ் தள்ளிவிட்ட பக்கைப் பிரையன் பிக்கல் என்பவர் கோலுக்குள் போட்டார். சரியாக 17 விநாடி கழித்து டேவ் போலண்ட் என்பவர் இன்னொரு கோல் அடித்தார். கிண்ணம் சிகாகோவுக்கு. பிக்கலும் போலண்டும் பெரும் நட்சத்திரங்கள் அல்லர். பிக்கலின் அன்றைய சம்பளம் ஒரு மில்லியன் டாலருக்கும் கீழே.

போலண்ட் ஆறே நாளில் டொரோன்டோ குழுவுக்கு மாற்றப்பட்டார். சம்பள வரம்பில் இடம் இல்லை. பிக்கல் அந்த ஆண்டின் வெளியேற்றும் சுற்றுகளில் ஒன்பது கோல் அடித்திருந்தார். வேறு குழுக்கள் அவருக்காகக் காத்து நின்றன. சிகாகோ அவருக்கு ஆண்டுக்கு 4 மில்லியன் வீதம் நான்கு ஆண்டுக்கு ஒப்பந்தம் கொடுத்தது. அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறோம்.

2014 ஜூலையில் கேனுக்கும் டேவ்ஸுக்கும் புதிய ஒப்பந்தம்: எட்டு ஆண்டு, ஆண்டுக்கு 10.5 மில்லியன். அது நடைமுறைக்கு வருமுன் 2015இல் இன்னொரு கிண்ணம் வென்றார்கள். அதற்கு அடுத்த பருவத்தில் வரம்பு 71.4 மில்லியன். பென்சில் எடுத்துக் கணக்குப் போடுவோம். இந்த இருவருக்கு 21 மில்லியன். தற்காப்பில் இருவர், மூத்த தாக்குதல் ஆட்டக்காரர் ஒருவர், கோல் காவலர் என இன்னும் நால்வருக்கு ஏறக்குறைய 22.6 மில்லியன். ஆறு பேருக்கு 43.6 போக மிச்சம் 27.8 மில்லியன். இதை 17 பேர் பங்கிட வேண்டும். தலைக்கு ஒன்றரை மில்லியனுக்குச் சற்று மேல். நம் கண்ணுக்கு அதுவும் மலைபோன்ற பணம்தான்; ஆனால் அந்தச் சந்தையில் அந்த விலைக்குக் கிடைப்பவர்கள் புதியவர்கள் அல்லது முதியவர்கள். நடுத்தர வயதில், நடுத்தரத் திறமையில், மூன்று நான்கு மில்லியன் பெறக்கூடியவர்தான் முதலில் நசுங்குகிறார். நட்சத்திரத்தைக் குறைக்க முடியாது. சிறுவரைக் குறைக்க ஒன்றுமில்லை. வெட்டு நடுவில் விழுகிறது.

அப்படியே நடந்தது. 22 வயதுப் பிராண்டன் சாட், கொலம்பஸ் குழுவுக்கு மாற்றப்பட்டார். அங்கே ஆண்டுக்கு 6 மில்லியன் பெற்றார். பேட்ரிக் ஷார்ப் டல்லஸ் போனார். கேன், டேவ்ஸ் இருவரின் உயர்வு மட்டும் சேர்ந்து 8.4 மில்லியன். சாட்டின் சம்பளம் அதற்குள் அடங்கியிருக்கும். 2016இல் சிகாகோ முதல் சுற்றில் தோற்றது. 2017இல் நாஷ்வில் குழுவிடம் ஓர் ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றது. அந்த எட்டாண்டு ஒப்பந்தங்கள் 2023இல் முடியும்வரை சிகாகோ ஏழு ஆட்டத் தொடர் ஒன்றைக்கூட வெல்லவில்லை.

இதற்காகக் கேனையும் டேவ்ஸையும் பேராசைக்காரர்கள் என்று சொல்ல நாம் உடன்படமாட்டோம். மூன்று கிண்ணம் வென்று கொடுத்தவர்கள் சந்தை விலையைக் கேட்டார்கள். ஓர் ஆட்டக்காரரின் உழைக்கும் காலம் மிகக் குறுகியது. ஒரு முழங்கால் போனால் எல்லாம் போயிற்று.

விதிகள் இருந்தால் ஓட்டைகளும் உண்டு. நெடுநாள் காயத்தில் இருப்பவரின் சம்பள அளவுக்கு வரம்பைத் தாண்டி வேறு ஆளை எடுக்கலாம் என்றும் ஒரு விதி அப்போது இருந்தது. 2015 பிப்ரவரியில் கேனுக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. சிகாகோ அந்த இடத்தில் ஆன்டுவான் வெர்மெட் முதலானோரைச் சேர்த்துக்கொண்டது. வெளியேற்றும் சுற்றுகளில் அப்போது வரம்பே கிடையாது. முதல் ஆட்டத்துக்கே கேன் குணமாகி வந்துவிட்டார். வெர்மெட்டும் அங்கேயே இருந்தார், இறுதித் தொடரில் வெற்றிக் கோலும் அடித்தார். இந்தக் கதவை 2025-26இல்தான் சாத்தினார்கள்.

மற்றக் குழுக்கள் என்ன செய்தன? பிட்ஸ்பர்க் குழுவின் சிட்னி கிராஸ்பி, தம் தலைமுறையின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று போற்றப்படுபவர். 2013இல் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஆண்டுக்கு 8.7 மில்லியன் என்று எழுதிக்கொண்டார். வரம்பு ஏறிக்கொண்டே போயிற்று. அவர் தொகை ஏறவில்லை. 2024இல் மேலும் ஈராண்டு நீட்டித்தபோதும் அதே 8.7 மில்லியன்தான். 2016இல் பிட்ஸ்பர்க் கிண்ணம் வென்றபோது, ஹேகலின், பொனினோ, கெசல் என்ற மூவர் கொண்ட மூன்றாம் வரிசை எதிரிகளைத் திணற வைத்தது. மூன்றாம் வரிசையில் கெசலைப் போன்ற ஒருவரை நிறுத்த ஒரு குழுவால் எப்படி முடிந்தது? கிராஸ்பி விட்டுக்கொடுத்தது ஒரு காரணம். கெசலை விட்ட டொரோன்டோ குழு, அவர் 8 மில்லியன் சம்பளத்தில் 1.2 மில்லியனைத் தானே சுமக்க ஒப்புக்கொண்டது இன்னொரு காரணம்.

அந்த டொரோன்டோ குழு பின்னர் எதிர்ப்பக்கம் போயிற்று. 1967க்குப் பிறகு கிண்ணம் காணாத குழு அது. 2019-20இல் வரம்பு 81.5 மில்லியன். அதில் மேத்யூஸ், டவாரஸ், மார்னர், நைலாண்டர் என்ற நான்கு தாக்குதல் ஆட்டக்காரர்களுக்கு மட்டும் 40 மில்லியனுக்கும் மேல். வரம்பு ஆண்டுதோறும் ஏறும், பாரம் குறையும் என்பது அவர்கள் நம்பிக்கை. 2020இல் பெருந்தொற்று வந்தது. அரங்குகள் காலியாயின. வரம்பு மூன்று பருவம் அதே 81.5இல் நின்றது. முறையான பருவத்தில் டொரோன்டோ வெற்றிமேல் வெற்றி குவித்தது. வெளியேற்றும் சுற்றில் தடுக்கி விழுந்தது. அந்த நால்வரும் சேர்ந்திருந்த காலத்தில் வென்றது இரண்டே சுற்றுகள், 2023இல் ஒன்று, 2025இல் ஒன்று. 2025இல் மார்னர் வேகாஸ் குழுவுக்குப் போய்விட்டார்.

நீண்ட பருவத்தில் நட்சத்திரம் மின்னுவதற்கு இடம் உண்டு. ஆனால், ஒரே எதிரியோடு ஏழு ஆட்டம் என்று வரும்போது, எதிர்க்குழு தன் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர்களை நட்சத்திரத்தின் நிழலாகவே ஓட விடும். அப்போது அவிழ்த்துவிடப்பட்டவர்கள் பின்வரிசையினர். அவர்களால் கோல் அடிக்க முடியுமா என்பதே கேள்வி. ஆகவே, எந்த நட்சத்திரத்துக்கும் பணம் கொடுக்காதே என்பது நம் கருத்தன்று. நட்சத்திரம் இல்லாத குழு அந்தச் சுற்றுவரை போய்ச் சேர்வதே அரிது. ஒப்பந்தம் எழுதுகிற நாளில், அதைச் சாத்தியமாக்க எந்த மூவரை விற்கப் போகிறோம் என்று பெயர் சொல்லித் தெரிந்திருக்க வேண்டும். சிகாகோவுக்கு அது ஒவ்வொரு கோடையிலும் பிறகுதான் தெரிந்தது.

பிக்கலிடம் திரும்புவோம். ஒப்பந்தம் கிடைத்த பிறகு அவர் ஆட்டம் வரவர மங்கியது. கால் ஓடவில்லை. 4 மில்லியன் வாங்கிக்கொண்டு ஆடவில்லையே என்று பேச்சு எழுந்தது. 2015-16இல் அவரைக் கீழ்நிலைக் குழுவுக்கு அனுப்பினார்கள். 2016 ஜூனில் அந்த ஒப்பந்தத்தைத் தலையிலிருந்து இறக்க வேண்டிச் சிகாகோ அவரைக் கரோலைனா குழுவிடம் தள்ளியது. வெறுமனே யார் வாங்குவார்கள்? கூடவே டெவோ தெராவைனன் என்ற 21 வயது இளைஞரையும் இனாம்போலச் சேர்த்துக் கொடுத்தது. 2015 இறுதித் தொடரில் கோல் அடித்த பையன் அவர். கரோலைனாவில் அவர் முதல்தர ஆட்டக்காரராக வளர்ந்தார். 2024இல் சிகாகோ அவரை ஆண்டுக்கு 5.4 மில்லியன் கொடுத்துத் திரும்ப அழைத்துக்கொண்டது.

2016 நவம்பரில் பிக்கலின் நோய் இன்னதென்று தெரிந்தது. நரம்புகளைத் தாக்கும் 'மல்டிபிள் ஸ்க்லரோசிஸ்' என்ற நோய். கால் ஓடாமல் போனதற்குக் காரணம் சோம்பல் இல்லை என்பது அப்போது எல்லாருக்கும் விளங்கியது. மருத்துவம் பார்த்துக்கொண்டு, 2017 ஏப்ரலில் சில ஆட்டங்களுக்குத் திரும்பி வந்தார். பிலடெல்பியாவில் ஆடிய கடைசி ஆட்டத்தில், வெற்றியை முடிவு செய்யும் தனி அடி முறையில் அவரை முதலில் அனுப்பினார்கள். அவர் கோல் அடித்தார். அவ்வாண்டு அக்டோபரில் சிகாகோ குழு அவரை ஒரே ஒரு நாள் ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டு, தன் ஆட்டக்காரராகவே ஓய்வு பெறச் செய்தது.